தனி ஆட்கள் எழுதும் வலைப்பூக்களைத் தேடிப் பிடிப்பது எப்படி? ராமநாதபுரம் கடலோர வாசகர்களுக்கான கேள்வி பதில்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரையிலான இந்தக் கரையைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். பறவை பார்ப்பவர், பழைய காசு சேர்ப்பவர், சமையல் எழுதுபவர், தூண்டில் போடுபவர், கல்வெட்டுப் படிப்பவர் என்று ஆளுக்கொரு வலைப்பூ வைத்து எழுதினார்கள். சிலர் இன்றும் எழுதுகிறார்கள். தேடுபொறியின் முதல் பக்கத்தில் அவர்களைப் பார்க்க முடியாது. அவர்களிடம் போய்ச் சேரும் வழிகள் இங்கே கேள்வி பதிலாக இருக்கின்றன.

ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் செய்தியும் ஓட்டல் விளம்பரமும்தான் வருகின்றன. ஏன்?

‘ராமேஸ்வரம்’ என்று தேடுபவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது அறை, ரயில் நேரம், தீர்த்தமாடும் கட்டணம். தேடுபொறி அதையே முன்னால் வைக்கிறது. ‘ராமேஸ்வரம் மீனவர்’ என்று போட்டால் கைது, விடுதலை, வேலைநிறுத்தம் என்று பக்கம் பக்கமாகச் செய்திகள் வரும். தனி ஆள் எழுதிய பதிவுக்கு வெளியிலிருந்து இணைப்புகள் குறைவு. தலைப்பும் ‘ஒரு ஞாயிற்றுக்கிழமை’ என்பதுபோல இருக்கும். அதனால் பின்னால் தள்ளப்படுகிறது. பதிவு அங்கேதான் இருக்கிறது, நாம் போடும் சொல்தான் அதைத் தொடவில்லை.

அப்படியானால் என்ன சொல்லைப் போடுவது?

எழுதியவர் வாயில் வரும் சொல்லைப் போடுங்கள். மற்ற உத்திகளெல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதலில் வினைமுற்று. தமிழில் வினையின் வால் ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். செய்தியாளர் ‘பூநாரைகள் வந்துள்ளன’ என்று எழுதுவார். நேரில் போனவர் ‘பார்த்தேன்’, ‘போனோம்’, ‘நின்றிருந்தோம்’ என்று எழுதுவார். ஆகவே ‘பூநாரை’ என்ற சொல்லோடு ‘பார்த்தேன்’ என்பதைச் சேர்த்து, இரண்டையும் தனித்தனி இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். ‘தனுஷ்கோடி’யோடு ‘நடந்தோம்’, ‘நகரை மீன்’ என்பதோடு ‘வாங்கினேன்’ என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். செய்தியும் விளம்பரமும் பெருமளவு உதிர்ந்துவிடும்.

அடுத்தது உறவுச்சொல். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து வீட்டுச் சமையலைத் தேடுபவர் ‘கீழக்கரை உணவுகள்’ என்று போட்டால் யார் வேண்டுமானாலும் எழுதிய தொகுப்புதான் வரும். ‘உம்மா’ + ‘தொதல்’, ‘வாப்பா’ + ‘நோன்புக் கஞ்சி’ என்று போடுங்கள். பனங்காட்டுப் பக்கம் என்றால் ‘அப்பத்தா’ + ‘கொட்டான்’, ‘அய்யா’ + ‘பதநீர்’. வீட்டுக்குள் புழங்கும் சொல் இருக்கும் பக்கத்தை அந்த வீட்டுப் பிள்ளைதான் எழுதியிருப்பார்.

மூன்றாவது, தொழிற்சொல். கடற்பாசி என்று பொதுவாகப் போட்டால் அழகுக்குறிப்பும் ரோஸ்மில்க் செய்முறையும் வரும். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பாசி எடுக்கும் பெண்கள் சொல்லும் பெயரைப் போட்டால் அந்தத் தண்ணீரில் இறங்கியவர் எழுதியது வரும். ‘கடல் பசு’வுக்குப் பதில் ‘ஆவுளியா’. ‘வடகிழக்குப் பருவமழை’க்குப் பதில் ‘வாடை’. ‘படகு’க்குப் பதில் ‘வல்லம்’, ‘வத்தை’. பாம்பனிலிருந்து 90.4 அலைவரிசையில் ஒலிக்கும் கடல் ஓசை சமுதாய வானொலியைக் கேட்பவர்களுக்கு இந்தச் சொற்கள் தானாகவே காதில் விழும். ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள், ஒவ்வொன்றும் ஒரு தேடல்.

ஓர் எச்சரிக்கை: ‘கச்சான்’ என்று மட்டும் போடாதீர்கள். இங்கே அது மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. எதிர்க்கரையில், மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும், அது நிலக்கடலையும்கூட. வறுத்த கடலையாக வந்து குவியும். ‘கச்சான் காற்று’ என்று சேர்த்தே போடுங்கள்.

சொல் சரிதான், ஆனாலும் ஒன்றும் அகப்படவில்லை. எங்கே பிழை?

பெரும்பாலும் எழுத்துக்கூட்டலில். இந்தக் கரையில் ஊர்களை ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறார்கள். ராமேஸ்வரம், இராமேஸ்வரம், இராமேசுவரம், இராமேச்சுரம் நான்கையும் போட வேண்டும். ராமநாதபுரத்துக்கு இராமநாதபுரம், முகவை. தனுஷ்கோடிக்குத் தனுஸ்கோடி, தனுக்கோடி. தேவிபட்டினத்துக்குத் தேவிப்பட்டினம், தேவிபட்டணம். வலைப்பூக்காரரைத் திருத்த ஆசிரியர் குழு கிடையாது. காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்.

மேற்கோள் குறிக்குள் போடும்போது வேற்றுமை உருபையும் கவனியுங்கள். ‘வாலிநோக்கம்’ என்று பூட்டினால் ‘வாலிநோக்கத்தில்’ என்று எழுதிய பதிவு தப்பிப் போகும். ‘ம்’ கெட்டு ‘த்து’ வந்துவிடுகிறதே. மண்டபம், மண்டபத்தில், மண்டபத்துக்கு, மண்டபத்திலிருந்து என்று நான்கு முறை தேடுவது வீண் வேலை இல்லை. ‘மண்டபம்’ என்று வெறுமனே போட்டால் கல்யாண மண்டபமும் கோயில் மண்டபமும் வரும் என்பதால், ‘மண்டபம் முகாம்’, ‘மண்டபம் கேம்ப்’ என்று போடுவது நல்லது.

கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்றும் உண்டு. ‘பௌர்ணமி’யில் ‘பௌ’வுக்கு ஒரே குறியீடாக ஔகார உயிர்க்குறி இருக்கிறது. பலர் அதற்குப் பதில் ஒற்றைக்கொம்பு, ப, பிறகு ‘ள’ என்ற முழு எழுத்து என்று தட்டி ‘பெளர்ணமி’ ஆக்கிவிடுவார்கள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு சொல். பௌர்ணமி ஓதம், பௌர்ணமி இரவில் மீன்பாடு என்று தேடுபவர் இரண்டு வடிவத்தையும் போட்டாக வேண்டும். ‘ஸ்ரீ’யும் இப்படித்தான்: ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, ஶகரத்தில் தொடங்குவது இன்னொன்று.

ஆங்கிலத்தில் எழுதும் உள்ளூர்க்காரர்களும் உண்டு. அவர்களுக்கு ‘ராம்நாட்’ என்ற பழைய பெயரையும் போடுங்கள். கீழக்கரையை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘கீ’க்கு ‘ஐ’ என்ற எழுத்து ஒன்றா, ‘இ’ என்ற எழுத்து இரண்டா, ழகரத்துக்கு ‘எல்’ எழுத்தா, ‘இசட்-எச்’ சேர்த்தா என்று எல்லாச் சேர்க்கையிலும் ஆள் இருக்கிறார்கள். குரல்வழித் தேடலை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். வட்டாரச் சொல்லை அது தனக்குத் தெரிந்த வேறு சொல்லாக மாற்றிக்கொள்ளும்.

வலைப்பூக்களை மட்டும் வடிகட்ட முடியுமா?

முடியும். ‘சைட்’ என்ற ஆங்கிலச் சொல், உடனே இரட்டைப் புள்ளி, இடைவெளி விடாமல் பிளாக்ஸ்பாட் டாட் காம், பிறகு உங்கள் சொல். அடுத்த முறை வேர்ட்பிரஸ் டாட் காம். இரட்டைப் புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டால் கட்டளை வேலை செய்யாது. பலர் தடுக்கி விழும் இடம் அதுதான்.

சொந்த முகவரி வாங்கி வைத்திருப்பவர்கள் இந்த வடிகட்டியில் சிக்கமாட்டார்கள். அவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பிளாக்ஸ்பாட் முகவரிகளைத் தரும் கூகுள் சேவையின் பெயர் பிளாகர். தமிழ் இடைமுகத்தில் இயங்கும் பிளாகர் பக்கங்களின் அடியில் ‘கருத்துரையிடுக’ என்றும், பக்கவாட்டில் ‘எனது முழு சுயவிவரத்தைக் காண்க’ என்றும் இருக்கும். இந்தச் சொற்களில் ஒன்றை மேற்கோள் குறிக்குள் வைத்து, அதனுடன் ‘ஏர்வாடி’ அல்லது ‘திருப்பாலைக்குடி’ என்று சேர்த்துத் தேடுங்கள். முகவரி எதுவானாலும் பிளாகரில் இயங்குவது மாட்டிவிடும்.

காலத்தையும் கட்டலாம். ‘பிஃபோர்’ என்ற ஆங்கிலச் சொல், இரட்டைப் புள்ளி, ஆண்டு. 2012 என்று போட்டால் அதற்கு முந்தையவை மட்டும் வரும். தமிழ் வலைப்பூக்கள் செழித்திருந்தது 2005-க்கும் 2012-க்கும் இடையில் என்பதால் பழைய பதிவுகளைத் தோண்ட இது நல்ல கருவி.

ஒரு நல்ல வலைப்பூ அகப்பட்டுவிட்டது. அங்கிருந்து அடுத்ததற்கு எப்படிப் போவது?

தேடுபொறியை மூடிவிட்டு ஆட்களைப் பின்தொடர வேண்டிய நேரம் இது.

பக்கவாட்டுப் பட்டியலைப் பாருங்கள். ‘நான் வாசிப்பவை’, ‘நண்பர்கள்’, ‘பிடித்த தளங்கள்’ என்று ஏதோ ஒரு தலைப்பில் பத்து, இருபது இணைப்புகள் இருக்கும். சில பட்டியல்களில் ஒவ்வொரு பெயருக்குக் கீழும் கடைசிப் பதிவின் தலைப்பும் ‘3 நாட்கள் முன்பு’, ‘9 ஆண்டுகள் முன்பு’ என்ற குறிப்பும் தெரியும். யார் உயிர்ப்போடு இருக்கிறார், யார் நிறுத்திவிட்டார் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

கைபேசியில் இந்தப் பட்டியலே கண்ணில் படாது. பிளாகர் கைபேசிக்குத் தனி வார்ப்புருவைக் காட்டும்போது பக்கவாட்டை மறைத்துவிடுகிறது. முகவரியின் முடிவில் கேள்விக்குறி, எம், சமக்குறி, 1 என்று இருக்கும். அந்த 1-ஐ 0 ஆக மாற்றித் திறங்கள். முழுப் பக்கமும் வரும். கைபேசியில் மட்டும் படிப்பவர்கள் இத்தனை நாள் இழந்தது எவ்வளவு என்று அப்போது தெரியும்.

அடுத்தது பின்னூட்டங்கள். ‘அருமை’, ‘பகிர்வுக்கு நன்றி’ என்பவற்றைத் தாண்டிப் போங்கள். ‘நீங்கள் சொல்லும் காற்று சோளகம் இல்லை, கொண்டல்’ என்று ஒருவர் திருத்தியிருப்பார். அவர் பெயரைச் சொடுக்குங்கள். திருத்தும் அளவுக்குத் தெரிந்தவர் தானும் எங்கோ எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். அவருடைய சுயவிவரத்தில் அவர் நடத்தும் வலைப்பூக்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். முக்கியமான வலைப்பூவைவிட, ‘சோதனை’ என்று தொடங்கிப் பிறகு பறவைப் படங்களாக நிறைந்துபோன இரண்டாவது வலைப்பூ சிலசமயம் பெரிய புதையலாக இருக்கும்.

பழைய பதிவர்களிடையே ‘தொடர்பதிவு’ என்றொரு வழக்கம் இருந்தது. ஒருவர் ஒரு தலைப்பில் எழுதி, முடிவில் நான்கைந்து பேரை அழைப்பார். அவர்கள் எழுதி இன்னும் ஐந்து பேரை அழைப்பார்கள். ‘தொடர்பதிவு’ + ‘அழைக்கிறேன்’ என்று தேடினால் ஒரு சங்கிலியின் கண்ணி கையில் வரும். பலரின் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டிய, 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி வாரம் ஒருவரை நட்சத்திரப் பதிவராக வைத்தது. அந்த வாரத்தில் பலர் தங்கள் ஊரையும் பிழைப்பையும் அறிமுகம் செய்து எழுதினார்கள். ஆகவே ‘நட்சத்திர வாரம்’ + ‘ராமநாதபுரம்’ என்பதும் நல்ல தேடல். வலைச்சரம் என்ற கூட்டு வலைப்பூவில் வாரம் ஒரு பதிவர் ஆசிரியராக இருந்து பிற வலைப்பூக்களை அறிமுகம் செய்தார். வலைப்பூவைக் கண்டுபிடிப்பதற்கென்றே இருந்த இடம் அது. அதன் பழைய பதிவுகளில் சமையல், பயணம், தொல்லியல் என்று துறை பிரித்து இணைப்புகள் கிடக்கின்றன. பாதி இணைப்புகள் இன்று திறக்காது. அதற்கான வழி கீழே வருகிறது.

எல்லாம் ஒரே மாதிரி பயணக் கட்டுரையாக இருக்கிறது. பலவகை வேண்டுமே?

கோயிலையும் பாலத்தையும் விட்டு நகர வேண்டும். இந்த மாவட்டம் கைகொடுக்கும் துறைகள் எத்தனையோ.

பறவைக்குச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை, மேலச்செல்வனூர் கண்மாய்ப் பெயர்களைப் போடுங்கள். ‘சரணாலயம்’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அது அரசுச் செய்தியை இழுத்து வரும். தொல்லியலுக்கு அழகன்குளம்: வைகை முகத்துவாரத்தில் ரோமானியத் தொடர்புள்ள பானையோடுகள் கிடைத்த ஊர். பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள். காசு சேர்ப்பவர்களுக்கு ‘சேதுபதி காசு’. கீழக்கரையை ஒட்டி அரபு எழுத்தில் எழுதிய தமிழான அரபுத்தமிழ். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு, எழுதுபவர்கள் இன்னும் குறைவு. ஆனால் எழுதுபவர்கள் ஆழமாக எழுதுகிறார்கள். கைவினைக்கு ‘ஓலைப்பெட்டி’, ‘கொட்டான்’, சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி.

எங்கிருந்து எழுதுகிறார்கள் என்பதையும் விரித்துப் பாருங்கள். ஊரைப் பற்றி உருகி எழுதுபவர்களில் பலர் துபாயிலோ கோலாலம்பூரிலோ இருப்பார்கள். எதிர்க்கரைத் தலைமன்னார்க்காரரும் இதே கடலைத்தான் எழுதுகிறார், வேறு பக்கத்திலிருந்து.

நேரில் கண்டவரா, ஒட்டி எடுத்தவரா என்று எப்படி அறிவது?

தேதியோடு பொருத்திப் பாருங்கள். இந்தக் கரையில் அதற்கு வசதியான அடையாளங்கள் இருக்கின்றன. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தது 2017-இல். அதற்கு முன் தனுஷ்கோடி போனவர் முகுந்தராயர் சத்திரத்தோடு பேருந்து நின்றதையும், மணலில் வேனில் குலுங்கிப் போனதையும் சொல்லாமல் இருக்கமாட்டார். 2013 என்று தேதியிட்டு ‘காரில் முனை வரை சென்றோம்’ என்றால் சந்தேகப்படுங்கள். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. புதிய தூக்குப்பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6. 2024-இல் ‘பாலத்தில் ரயிலில் போகும்போது கடல் காற்று’ என்று எழுதியிருந்தால் அது பழைய பக்கத்திலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். மே மாதத்தில் விசைப்படகில் கடலுக்குப் போன கதை என்றால் அதையும் நின்று பாருங்கள்.

இன்னொரு சோதனை: நடுப்பகுதியிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை எடுத்து மேற்கோள் குறிக்குள் தேடுங்கள். முதல் வாக்கியத்தை எடுக்காதீர்கள், ஒட்டுபவர்கள் அதைத்தான் மாற்றுவார்கள். நான்கு தளத்தில் அதே வாக்கியம் வந்தால், தேதி பழையதாக இருப்பதிலிருந்து தொடங்கிப் பாருங்கள். தேதியைப் பின்னால் மாற்ற முடியும் என்பதால் பின்னூட்டங்களின் தேதியையும் சேர்த்துப் பார்ப்பது உறுதி.

நல்ல பதிவின் அடையாளம் துல்லியமான சின்ன விவரம். விலை, கிழமை, காற்றின் திசை, தோற்றுப்போன முயற்சி. ‘தொதல் அடியில் பிடித்துவிட்டது, தேங்காய்ப்பாலை முதலிலேயே எல்லாம் ஊற்றியிருக்கக் கூடாது’ என்று எழுதுபவர் அடுப்படியில் நின்றவர்.

பிடித்த வலைப்பூக்களைத் தினமும் போய்ப் பார்க்க நேரமில்லையே?

போகவே வேண்டாம். பெரும்பாலும் ஒவ்வொரு வலைப்பூவுக்கும் ஆர்எஸ்எஸ் ஓடை ஒன்று உண்டு, அதாவது புதிய பதிவுகளைச் செயலிகள் எடுத்துக்கொள்ளும்படி வரிசையாகத் தரும் தனி முகவரி. ஓடைப்படிப்பான் செயலி ஒன்றை வைத்துக்கொண்டால் புதிய பதிவு வந்ததும் அங்கே விழும். பலர் பயன்படுத்திய ஓடைப்படிப்பானான கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடியபோது பலர் இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார்கள். ஓடைகள் நிற்கவில்லை.

ஆண்ட்ராய்டில் ‘ஃபீடர்’ இலவசம், கணக்குத் தொடங்க வேண்டாம். ஐபோனில் ‘நெட்நியூஸ்வயர்’. கணினியில் மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்டு வைத்திருப்பவர்கள் அதிலேயே ஓடையையும் சேர்க்கலாம். வலைப்பூவின் முகப்பு முகவரியைக் கொடுத்தாலே பெரும்பாலும் செயலி ஓடையைத் தானே கண்டுபிடிக்கும். பிடிக்காவிட்டால், வேர்ட்பிரஸ் என்றால் முகவரிக்குப் பின் சாய்கோடு போட்டு ‘ஃபீட்’ என்று ஆங்கிலத்தில் சேர்க்கவும். பிளாகர் என்றால் சாய்கோடு, ‘ஃபீட்ஸ்’, சாய்கோடு, ‘போஸ்ட்ஸ்’, சாய்கோடு, ‘டிஃபால்ட்’. ஃபீட்ஸ், போஸ்ட்ஸ் இரண்டிலும் கடைசி ‘எஸ்’ விட்டுப்போனால் பிழைப்பக்கம் வரும்.

ஓடையில் எல்லாப் பழைய பதிவும் வராது. பிளாகர் வழக்கமாகக் கடைசி 25, வேர்ட்பிரஸ் கடைசி 10 மட்டும் தரும். பழையதை வலைப்பூவின் காப்பகப் பட்டியலில்தான் படிக்க வேண்டும். ஓடை இனி வரப்போவதற்கு.

எழுதாமல் நின்றுபோன வலைப்பூவையும் ஓடைப்படிப்பானிலிருந்து நீக்க வேண்டாம். எட்டு வருடம் பேசாமல் இருந்தவர் ஒருநாள் ஒரு பதிவு போடுவார். அது உங்களுக்குத் தெரிய வேறு வழியே இல்லை. ஓடை வைத்திருப்பதற்குச் செலவும் இல்லை.

சிக்னல் சரியாக இல்லாத இடத்தில் படிக்க வழி?

ஃபீடர் செயலியின் அமைப்பில் முழுக் கட்டுரையையும் முன்கூட்டியே இறக்கச் சொல்லும் தெரிவு இருக்கிறது. அதை இயக்கி, ஒத்திசைவை வைஃபையில் இருக்கும்போது மட்டும் என்று வையுங்கள். தனி ஆட்களின் வலைப்பூவுக்கு நாளைக்கு ஒருமுறை பார்ப்பது தாராளம். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று விட்டால் மின்கலம்தான் கரையும். ஓடையில் சுருக்கம் மட்டும் தரும் வலைப்பூக்களுக்கு இந்த முழு இறக்கம் அவசியம். இல்லாவிட்டால் இரண்டு வரி படித்து, ‘மேலும் வாசிக்க’ என்ற இடத்தில் நிற்பீர்கள்.

முகவரி திறக்கவில்லை, அல்லது சூதாட்டப் பக்கம் வருகிறது. அவ்வளவுதானா?

இல்லை, மூன்று படி இருக்கிறது.

முதலில் முகவரியின் வாலைப் பாருங்கள். 2012 வாக்கில் இந்தியாவில் திறந்த பிளாக்ஸ்பாட் முகவரிகள் எல்லாம் ‘டாட் இன்’ என்று மாறித் தெரிந்தன. அந்த நாட்களில் நகலெடுத்த இணைப்புகள் இன்றும் அப்படியே கிடக்கின்றன. அந்த ‘டாட் இன்’ இப்போது கூகுளிடம் இல்லை. ‘டாட் காம்’ என்று மாற்றிப் போடுங்கள். செத்ததாக நினைத்த இணைப்புகளில் பல இந்த ஒரு மாற்றத்தில் எழுந்துவிடும்.

சூதாட்டப் பக்கம் வந்தால், எழுதியவர் சொந்த முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டு, வேறு யாரோ வாங்கிவிட்டார்கள் என்று பொருள். உடனே மூடுங்கள், எதையும் அழுத்த வேண்டாம், ஓடைப்படிப்பானிலிருந்தும் அந்த ஒன்றை மட்டும் நீக்குங்கள்.

பிறகு பழைய இணையப் பக்கங்களின் நகலைச் சேர்த்து வைக்கும் இணையக் காப்பகத்தின் வேபேக் மெஷினுக்குப் போய் முகவரியை இடுங்கள். நாட்காட்டியில் நீல வட்டம் இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். பச்சை வேறெங்கோ திருப்பிவிடும் பக்கம், ஆரஞ்சும் சிவப்பும் பிழை. வட்டம் இருந்தும் உள்ளே ஒன்றும் இல்லையென்றால், இரண்டு மூன்று வருடம் முன்னே பின்னே போங்கள். சொந்த முகவரி, அதற்கு முந்தைய பிளாக்ஸ்பாட் முகவரி இரண்டையும் தனித்தனியே பாருங்கள். முகவரிக்குப் பின் சாய்கோடும் உடுக்குறியும் (நட்சத்திரக் குறி) போட்டால், சேமிக்கப்பட்ட பக்கங்களின் முழுப்பட்டியலே வரும். எழுத்து பெரும்பாலும் இருக்கும், படங்கள் பாதிதான் இருக்கும்.

இன்று திறக்கும் அருமையான பதிவுக்கும் இதே இடத்தில் ‘பக்கத்தைச் சேமி’ வசதி இருக்கிறது. முகவரியை ஒட்டி அழுத்தினால் போதும். ஒரு நிமிட வேலை. அழிந்துபோகும் வல்லக் கட்டுமானத்தையோ பாசிப் பெயர்களையோ ஒரே ஒருவர்தான் எழுதியிருப்பார். அந்த ஒன்றும் போய்விட்டால் எங்கே தேடுவது?

பக்கம் திறக்கிறது, ஆனால் தமிழுக்குப் பதில் குப்பை எழுத்தாக இருக்கிறது.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த பக்கம் அது. ஆங்கில எழுத்துகளாக ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஒரு சொல் தெரிந்தால், அது பாமினி எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல். மேலே புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக இருந்தால் பெரும்பாலும் டிஸ்கி என்ற பழைய குறியாக்கம். பகுதியை நகலெடுத்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் ஒட்டி, மூலக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் படிக்கும்படி ஆகிவிடும். தப்பான குறியாக்கத்தைத் தேர்ந்தால் தமிழ் எழுத்துகளே வரும், சொற்கள் வராது. அடுத்ததை முயலுங்கள்.

முகநூலில் எழுதுபவர்களை?

பலர் அங்கேதான் போய்விட்டார்கள். உள்ளே இருப்பதைத் தேடுபொறி அதிகம் காட்டாது. அவர் அறிமுகப் பகுதியில் பழைய வலைப்பூ இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். யூட்யூபில் படகோட்டிக் காட்டும் மீனவர்களின் காணொளிக் குறிப்பிலும் அப்படியே.

ஆங்கில வலைப்பூக்களுக்குப் பட்டியல் உண்டா?

உண்டு. ‘ஊ டைரக்டரி’ துறை பிரித்து அடுக்கியது. ‘மார்ஜினாலியா’ விளம்பரம் மலிந்த பக்கங்களைப் பின்தள்ளி எழுத்து மிகுந்த சிறுதளங்களை முன்வைக்கும் தேடுபொறி. ‘காகி ஸ்மால் வெப்’ சிறு தளங்களின் பதிவுகளை ஒவ்வொன்றாகக் காட்டும். பவளம், கடற்புல், கட்டுமர வகைப் படகு என்று உலகெங்கும் எழுதுபவர்களைப் பிடிக்க நல்லவை. தமிழுக்கு உதவாது.

பதிவில் சொன்ன இடத்துக்கு அப்படியே போகலாமா?

பழைய பதிவை வழிகாட்டியாக வைத்துக் கிளம்பக் கூடாது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-உம் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது. ‘தீவில் இரவு தங்கினோம்’ என்று யாராவது எழுதியிருந்தாலும் அது உங்களுக்கு அனுமதிச்சீட்டு ஆகாது. பவளத்துண்டு, கடல் அட்டை எடுப்பது வனவுயிர்ச் சட்டப்படி 2001 முதல் குற்றம்.

பறவைக் கூடு இருக்கும் இடத்தை எழுதியவர் வேண்டுமென்றே மறைத்திருப்பார். படத்தின் பின்னணியை வைத்துக் கண்டுபிடித்துப் பின்னூட்டத்தில் போட்டுவிடாதீர்கள்.

எழுதியவருக்கு என்ன எழுதுவது?

குறிப்பிட்டுக் கேளுங்கள். ‘அருமை’ என்பதைவிட, ‘மோர்ப்பண்ணையில் இதே வலைக்கு வேறு பெயர் சொல்கிறார்களே, நீங்கள் கேட்டது எந்த ஊரில்?’ என்ற கேள்வி அவரை மறுபடி எழுத வைக்கும். பத்து வருடப் பழைய பதிவானாலும் கேளுங்கள். பின்னூட்டம் அவர் அனுமதிக்கும்வரை மட்டுறுத்தலில் காத்திருக்கலாம், ஆனால் பெரும்பாலும் அவர் மின்னஞ்சலுக்கு அறிவிப்பு போகும். பதில் வர மாதங்கள் ஆகலாம் என்பதால் கேட்ட பதிவின் முகவரியைக் குறித்து வையுங்கள். படத்தையோ பகுதியையோ எடுத்துப் போடுவதானால் முதலில் அனுமதி. பெயரும் இணைப்பும் இல்லாமல் வாட்சப் குழுவில் ஒட்டுவது அவர் உழைப்பை அநாதையாக்குகிறது.

நான் சேர்த்த பட்டியலை மற்றவர்களுக்குக் கொடுக்க முடியுமா?

ஓடைப்படிப்பானின் அமைப்பில் ‘ஓபிஎம்எல்’ ஏற்றுமதி என்று இருக்கும். எல்லா ஓடைகளும் ஒரே கோப்பாக வரும். வாட்சப்பில் ஆவணமாக அனுப்பலாம். வாங்கியவர் தன் செயலியில் இறக்குமதி செய்தால் உங்கள் பட்டியல் முழுவதும் அவரிடம் வந்துவிடும். அனுப்பும் முன் ‘கடல்’, ‘பறவை’, ‘அடுப்படி’, ‘கல்வெட்டு’ என்று கோப்புறை பிரித்துவிடுங்கள். அந்தப் பிரிவும் கூடவே போகும். சில செயலிகள் கோப்பைத் திறக்காமல் ‘தெரியாத வகை’ என்று சொல்லும். அப்போது கோப்பை நேரடியாகத் தட்டாமல், கைபேசியில் சேமித்துவிட்டு, ஓடைப்படிப்பானுக்குள் போய் அங்கிருந்து இறக்குமதி செய்யச் சொல்லுங்கள்.